அனுமதிப் பலகை

டூம் விளையாட்டின் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997 டிசம்பர் 23 அன்று பொதுவில் வைத்தது. காசு பார்க்காத வரை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிரித்து மேயலாம், தங்கள் கணினியில் ஓடும்படி மாற்றிக்கொள்ளலாம். உலகம் அந்த விளையாட்டை ஆடியது பெரும்பாலும் டாஸில். வெளியே வந்ததோ லினக்ஸுக்கான நிரல். காரணம் ஒலி. டாஸ் பதிப்பில் ஒலியைக் கவனித்துக்கொண்ட டி.எம்.எக்ஸ் என்ற நிரல்தொகுப்பு பால் ராடெக் என்பவருக்குச் சொந்தம். ஐடி அதைக் காசு கொடுத்துப் பயன்படுத்தியதே தவிர ஊருக்கு எடுத்துக் கொடுக்கும் உரிமை அதற்கு இல்லை. அரக்கர்கள், துப்பாக்கிகள், ரத்தம் தெறித்த சுவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. பாட்டு மட்டும் வரவில்லை.

அந்த லினக்ஸ் நிரலில் ஒலிக்கென்று ஒரு கோப்பு உண்டு. அதைத் திறந்து கீழே போனால் இசைப் பகுதி வரும். இங்கே இன்னும் எதுவும் செய்யவில்லை, இருப்பதெல்லாம் பொம்மை என்று தலைமாட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பாட்டை ஆரம்பி என்று விளையாட்டு கட்டளையிட்டால் அந்தப் பகுதி எதையும் ஆரம்பிப்பதில்லை. அப்போதைய நேரத்தைப் பார்த்து, அதோடு 30 விநாடியைக் கூட்டிக் குறித்து வைத்துக்கொள்கிறது. அதற்குள் யாராவது வந்து பாட்டு ஓடுகிறதா என்று கேட்டால், ஓடுகிறது என்று சொல்கிறது. 30 விநாடி கழிந்து கேட்டால், முடிந்துவிட்டது என்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் இதைவிடப் பெரிய பொய்களெல்லாம் எழுதுவார்கள். ஆனால் இவ்வளவு மரியாதையான பொய்யை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு விளையாட்டை ஓர் இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போர்ட் பண்ணுவது என்றால் வெளியே இருப்பவர்களுக்குப் படம்தான் நினைவுக்கு வரும். டூமைப் பொறுத்தவரை படம் சுலபம். அகலத்தில் 320, உயரத்தில் 200 புள்ளிகள், 256 நிறம். இந்தச் சிறிய பக்கத்தைத் தன் நினைவகத்துக்குள்ளேயே வரைந்து முடித்துவிட்டு, இதை எடுத்துத் திரையில் ஒட்டு என்று நீட்டும். எந்த இயங்குதளமானாலும் ஒட்டிக்கொள்ளும். ஐடியின் ஜான் கார்மாக் நிரலின் பெரும்பகுதியை சி மொழியில் எழுதியிருந்ததும் உதவியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டூம் டாஸில் பிறந்த பிள்ளையே இல்லை. அதை எழுதியவர்கள் உட்கார்ந்திருந்தது நெக்ஸ்ட் கணினிகளின் முன்னால். டாஸுக்கு வந்து 1993 டிசம்பர் 10 அன்று வெளியானதே ஒரு போர்ட்தான். மறு ஆண்டே ஐடியின் டேவ் டெய்லர் அதை லினக்ஸுக்கும் சிலிக்கன் கிராஃபிக்ஸ் கணினிகளுக்கும் கொண்டுபோய்விட்டார்.

ஒலி அப்படி நகரவில்லை. டாஸுக்கு ஒலி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. கோப்பைத் திற, மூடு, எழுது என்றால் செய்யும். பாட்டுப் போடு என்றால் விழிக்கும். ஆகவே ஒவ்வொரு விளையாட்டும் இயங்குதளத்தைத் தாண்டிப் போய், சவுண்ட் கார்டின் கதவை நேரடியாகத் தட்ட வேண்டியிருந்தது. கதவு எண் பெரும்பாலும் 220. அதோடு கார்டு கணினியைக் கூப்பிடும் மணிக்கு ஓர் எண், 5 அல்லது 7. தரவை அள்ளிப்போகும் வழிக்கு ஓர் எண், வழக்கமாக 1. விளையாட்டை நிறுவும்போது நீலத் திரையில் இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்கும். பதின்ம வயதில் எனக்கு இந்த எண்கள் வாய்ப்பாடு மாதிரி. மணியின் எண் தப்பினால், துப்பாக்கிச் சத்தத்தின் முதல் துணுக்கு மட்டும் தேய்ந்த இசைத்தட்டு போலத் திரும்பத் திரும்ப அடிக்கும், சில சமயம் கணினியே உறைந்துவிடும்.

சிங்கப்பூரில் எங்கள் எதிர் புளோக்கில் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அண்ணன் இருந்தார். அவர்தான் எங்கள் மாடி முழுவதுக்கும் வைத்தியர். "ஏழு போடாதடா, பிரிண்டர் வந்து அடிச்சுக்கும். அஞ்சு போடு," என்பார். அஞ்சு போட்டால் வேலை செய்யும். அச்சுப்பொறியும் அதே 7ஆம் எண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது எனக்குப் பல காலம் கழித்துத்தான் புரிந்தது. கார்டு வாங்க வேண்டுமென்றால் 170ஆம் எண் பேருந்து. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து புக்கிட் தீமா சாலை நெடுக ஓடி ரோச்சோரில் கொண்டுபோய் இறக்கும். அப்பா தேக்காவில் காய்கறியும் மீனும் வாங்கி முடித்த பிறகு, கால்வாயைத் தாண்டி சிம் லிம் ஸ்குவேருக்குள் என்னைக் கொஞ்ச நேரம் விடுவார். கையில் முருங்கைக்காய்ப் பையோடு மேல்மாடிக் கடைகளின் கண்ணாடிக்கு முன்னால் நிற்பேன். அட்டைப் பெட்டிகளில் பெரிதாக சவுண்ட் பிளாஸ்டர் என்று எழுதியிருக்கும். அதைச் செய்தவர் எங்கள் வட்டாரத்துக்காரர் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் சிம் வோங் ஹூ, 1955இல் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் பத்தாவது. அப்பா தொழிற்சாலைத் தொழிலாளி. சிம் வளர்ந்தது புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு கம்பத்தில். அந்தக் கம்பத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் தென்னைக் குன்றின் கோடி. படித்தது புக்கிட் பாஞ்சாங் அரசாங்க உயர்நிலைப் பள்ளி, பிறகு நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரி. மவுத் ஆர்கன் வாசிப்பார். 1981இல் கல்லூரித் தோழர் இங் காய் வாவோடு சேர்ந்து சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு கடை போட்டார். அதுதான் கிரியேட்டிவ் டெக்னாலஜி. அந்தக் கட்டடம் இப்போது இல்லை, ரயில் பாதைக்காக இடித்துவிட்டார்கள்.

1986இல் க்யூபிக் சி.டி என்று சொந்தமாக ஒரு கணினி செய்தார். சீனம் தெரியும், பேசும், பாடும். விற்கவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு நிறுவனம் செய்த காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணினியை விட்டுவிட்டு, அது பாடிய பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டது. ஊரெல்லாம் வைத்திருக்கும் ஐபிஎம் கணினியில் செருகுகிற ஓர் அட்டையாக அது மறுபடி வந்தது. முதலில் வந்ததும் பெரிதாக ஓடவில்லை. கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்த ஆட்லிப் கார்டுதான் அப்போது கோலோச்சியது, விளையாட்டுகள் அதற்கென்றே எழுதப்பட்டன. 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் வந்தபோது அதற்குள் ஆட்லிப்பில் இருந்த அதே யமஹா சில்லு இருந்தது. ஆட்லிப்புக்கு எழுதிய விளையாட்டு வந்து ஆட்லிப்பின் கதவைத் தட்டினால், திறந்து ஆமாம் நான்தான் என்று சொல்லும். கூடவே ஆட்லிப்பால் முடியாத ஒன்றையும் செய்தது. பதிவுசெய்த குரலை, வெடிச் சத்தத்தை அப்படியே எடுத்து ஒலித்தது. ஜாய்ஸ்டிக் செருக ஓர் இடமும் சேர்த்துக் கொடுத்தது. 1992இல் ஆட்லிப் திவாலானது. அதே ஆண்டு கிரியேட்டிவ் நாஸ்டாக்கில் ஏறியது, சிங்கப்பூரிலிருந்து அங்கே போன முதல் நிறுவனம்.

ஆட்லிப்பிடம் யாரும் அனுமதி கேட்டு அந்த வேஷத்தைப் போடவில்லை. சில்லு கடையில் கிடைத்தது, கதவு எண் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. இப்படித்தான் விளையாட்டுகள் ஊர்விட்டு ஊர் போகின்றன.

போவதில் உள்ள சங்கடத்துக்கு புக்கிட் பாஞ்சாங்காரர்களுக்கு வேறு உதாரணம் தேட வேண்டாம், தலைக்கு மேலேயே ஓடுகிறது. 1999 நவம்பர் 6 அன்று திறந்த எங்கள் இலகு ரயில், நாட்டிலேயே முதலாவது. வண்டி புதிதாக வரைந்ததில்லை. விமான நிலையங்களில் ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்குச் சமதளத்தில் ஆட்களைக் கொண்டுபோகும் வகை. அதை எடுத்துவந்து மேடும் பள்ளமும் குறுகிய வளைவுமான ஒரு குடியிருப்புப் பேட்டையில் ஓடவிட்டார்கள். வண்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, தனக்குத் தெரிந்த இடத்துக்கு. பெண்டிங் நிலையத்துக்குப் பக்கத்தில் வளைவில் திரும்பும்போது கைப்பிடியை இறுகப் பிடிக்கும் மூதாட்டிகளுக்கு இது நன்றாகவே தெரியும்.

லினக்ஸுக்கு வருகிறேன். ஃபின்லாந்தின் ஹன்னு சவோலைனன் 1992 வாக்கிலேயே அதற்கு ஒலி டிரைவர் எழுதத் தொடங்கிவிட்டார். அவர் முதலில் எழுதியது சவுண்ட் பிளாஸ்டருக்கு. அதற்குப் பின் நிலைமை தலைகீழ். விளையாட்டு இனிமேல் 220ஆம் கதவைத் தட்டக் கூடாது, தட்டினாலும் விடமாட்டார்கள். இயங்குதளத்திடம் ஒலியைக் கொடுத்தால் அது பார்த்துக்கொள்ளும். அதனால் லினக்ஸ் டூமில் சத்தங்களைக் கலந்து வெளியே அனுப்பத் தனியாக ஒரு சிறிய நிரலை வைத்தார்கள். விளையாட்டு ஒரு பக்கம் ஓடும், அந்த ஏவலாள் ஒரு பக்கம் ஓடுவான். துப்பாக்கி வெடித்தால் இது அவனுக்குச் சொல்லும், அவன் ஒலிப்பான். பாட்டுக்கு மட்டும் அந்த 30 விநாடிப் பொய்.

விண்டோஸின் கதை வேறு விதம். மைக்ரோசாஃப்டுக்கு விளையாட்டுக்காரர்கள் டாஸை விட்டு நகர மறுத்தது பெரிய தலைவலி. நடுவே நின்று மறிக்கும் இயங்குதளம் அவர்களுக்கு வேண்டாம். டூமை நாங்களே விண்டோஸுக்குக் கொண்டுபோகிறோம், உங்களுக்குச் செலவில்லை என்று ஐடியிடம் சொல்லி அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் அப்போது மைக்ரோசாஃப்டில் இருந்த கேப் நியூவெல். 1995இல் பில் கேட்ஸ் நீண்ட கோட்டும் துப்பாக்கியுமாக டூமுக்குள் நடந்துவரும் காணொளி ஒன்றும் எடுத்தார்கள். கூச்சமில்லாத மனிதர். டூம் 95 வெளிவந்தது 1996இல். நீலத் திரைக் கேள்விகள் போய்விட்டன, எதிர் புளோக் அண்ணனுக்கு வேலை இல்லாமல் போனது. சவுண்ட் பிளாஸ்டருக்கும்தான். எந்தக் கார்டானாலும் விண்டோஸுக்குப் புரிந்தால் போதும் என்று ஆன பிறகு, சவுண்ட் பிளாஸ்டர் போலவே நடந்துகொள்ளும் என்ற உறுதிமொழிக்கு யாரும் கூடுதல் காசு கொடுக்கத் தயாரில்லை. விரைவில் ஒலி மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

நியூவெல் பிறகு மைக்ரோசாஃப்டிலிருந்து வெளியேறி வால்வ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2018இல் அதே வால்வ், விண்டோஸுக்கு எழுதிய விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டானை வெளியிட்டது. டூமை விண்டோஸுக்குள் கூட்டிவந்த கை, விண்டோஸிலிருந்து எல்லாவற்றையும் வெளியே கூட்டிப்போகிறது. அடிப்படை 1993இல் தொடங்கிய ஒயின் என்ற கூட்டு முயற்சி. விண்டோஸிடம் கேட்க வேண்டியதைக் கேட்கும் விளையாட்டுக்கு, விண்டோஸ் குரலிலேயே பதில் சொல்வது அதன் வேலை. விளையாட்டைச் செய்தவரிடம் போய் நிற்க வேண்டாம். விதிவிலக்கு உண்டு. பலர் சேர்ந்து ஆடும் சில விளையாட்டுகளில் ஏமாற்றுவோரைப் பிடிக்க ஒரு காவலாள் நிரல் இருக்கும். விளையாட்டின் முதலாளி தலையசைக்காமல் அந்தக் காவலாள் லினக்ஸ்காரனை உள்ளே விடமாட்டான்.

இதற்கு இருபது ஆண்டு முன்பு இதே வேலையை முறைப்படி செய்யப் பார்த்த ஒரு நிறுவனம் இருந்தது. கலிஃபோர்னியாவில் ஸ்காட் டிரேக்கர் 1998இல் தொடங்கிய லோகி சாஃப்ட்வேர். ஒவ்வொரு விளையாட்டுக்கும் உரியவரிடம் ஒப்பந்தம் போட்டு, உரிமைக் காசு கொடுத்து, மூல நிரலை வாங்கி, லினக்ஸுக்குப் போர்ட் பண்ணி, பெட்டியில் போட்டு விற்றார்கள். சிவிலைசேஷன், சிம்சிட்டி, ரயில்ரோட் டைக்கூன் எல்லாம் அப்படி வந்தவை. வேலை சுத்தமான வேலை. 2002 ஜனவரியில் கடையை மூடினார்கள். அங்கே வேலை பார்த்த சாம் லான்டிங்கா எழுதிய எஸ்.டி.எல் நிரல்தொகுப்பும், ஒலிக்காக லோகி தொடங்கிய ஓப்பன் ஏ.எல்லும் மட்டும் பிழைத்துக்கொண்டன. ஒழுங்காக அனுமதி வாங்கி நடந்தவர்கள் போய்விட, வழியில் அவர்கள் போட்ட பாலம் நிற்கிறது.

அந்தப் பாலத்தில் அடுத்து நடந்துவந்தவர் யார் என்று பார்த்தால் கிரியேட்டிவ்! தன் கார்டுகளுக்கென்று எதிரொலி நுட்பம் ஒன்றை அது வைத்திருந்தது, பெயர் இ.ஏ.எக்ஸ். குகைக்குள் நடந்தால் குகை மாதிரி கேட்கும். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, விளையாட்டுகள் கார்டின் வன்பொருளை எட்டிப் பிடித்த பழைய வழியை மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது. நூற்றுக்கணக்கான விளையாட்டுகளில் குகைகள் வரவேற்பறை ஆகிவிட்டன. கிரியேட்டிவ் உட்கார்ந்து ஆல்கெமி என்று ஒரு மொழிபெயர்ப்பு நிரல் எழுதியது. பழைய விளையாட்டு பழைய பாஷையில் கேட்டதை அது ஓப்பன் ஏ.எல்லுக்கு மாற்றிச் சொல்லும். லினக்ஸுக்குப் போவதற்காகக் கட்டிய பாலத்தின் மேல் விண்டோஸ் விளையாட்டுகள் விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கே நடந்து போயின.

1999இல் சிம் வோங் ஹூ ஒரு நூல் எழுதினார். அதில் சிங்கப்பூர் ஓட்டுநர்களைப் பற்றி ஒரு கவனிப்பு உண்டு. அமெரிக்காவில் பல இடங்களில், திரும்பக் கூடாது என்று பலகை இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். இங்கே, திரும்பலாம் என்று பலகை இருந்தால்தான் திருப்பலாம். இந்த மனநிலைக்கு அவர் வைத்த பெயர் ஊரெல்லாம் பரவி, நாடாளுமன்றம் முதல் காப்பிக்கடை வரை அடிபட்டது. இன்றும் யாராவது அரசாங்க அலுவலகத்தில் வித்தியாசமாக ஒன்றைக் கேட்டுவிட்டு, அதற்கு விதியில்லையே என்ற பதிலோடு திரும்பினால் அவர் பெயரை இழுக்காமல் இருப்பதில்லை. விளையாட்டுகளை இயங்குதளம் விட்டு இயங்குதளம் கடத்துகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பலகைதான் நினைவுக்கு வருகிறது. அவர்கள் பலகையைத் தேடுவதில்லை. ஆட்லிப் வேஷம் போட்ட சவுண்ட் பிளாஸ்டரும் தேடவில்லை.

ஆனால் நிறுவனங்கள் வளர்ந்தால் பலகை நடத் தொடங்குகின்றன. விஸ்டாவில் கிரியேட்டிவின் டிரைவர்கள் பலருக்குச் சரியாக ஓடவில்லை. பிரேசில்காரர் ஒருவர் அவற்றைப் பிரித்துத் திருத்தி, ஓடாத வசதிகளை ஓடவைத்துப் பகிர்ந்துகொண்டிருந்தார், ஆதரவாகக் கொஞ்சம் நன்கொடையும் கேட்டார். 2008 மார்ச்சில் கிரியேட்டிவ் அவரைப் பகிரங்கமாகக் கண்டித்து நிறுத்தச் சொன்னது. அவர் திறந்துவிட்ட வசதிகளில் சில, இன்ன கார்டுக்கு வேண்டாம் என்று நிறுவனமே முடிவுசெய்து பூட்டியவை. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள், நிறுவனம் பின்வாங்கியது. சட்டப்படி அவர்கள் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த நூலை எழுதியவர் நடத்திய நிறுவனம் இப்படிச் செய்ததை நான் சுலபத்தில் விழுங்க மாட்டேன்.

டூமோடும் ஒரு கணக்கு உண்டு. 2004இல் டூம் 3 வருவதற்குக் கொஞ்சம் முன்பு, நிழல்களை வரையக் கார்மாக் தானாகக் கண்டுபிடித்த ஒரு முறைக்கு ஏற்கெனவே காப்புரிமை இருப்பது தெரியவந்தது. உரிமைக்காரர் கிரியேட்டிவ். கடைசியில் டூம் 3இல் இ.ஏ.எக்ஸ் ஒலியைச் சேர்ப்பது, பதிலுக்கு நிழலைப் பயன்படுத்திக்கொள்வது என்று ஒப்பந்தம் ஆனது. 2011 நவம்பரில் டூம் 3 நிரலைப் பொதுவில் வைக்கும்போது வக்கீல்கள் தயங்கவே, கார்மாக் அந்தச் சில வரிகளை மட்டும் வேறு விதமாகத் திருத்தி எழுதி வெளியிட்டார். முதல் டூமில் வெளியே வர முடியாமல் போனது ஒலி. இங்கே நிழல். இரண்டு தடவையும் கணினியால் முடியாததால் எதுவும் நிற்கவில்லை.

சிம் வோங் ஹூ 2023 ஜனவரி 4 அன்று தன் 67ஆம் வயதில் காலமானார். இங்கே நாளிதழ்கள் அவர் ஆப்பிளிடம் 2006இல் 10 கோடி அமெரிக்க டாலர் வாங்கியதை மறக்காமல் எழுதின. அது ஒரு காப்புரிமைச் சமரசம். கணினிக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் என்பதைவிட அந்தத் தொகை சிலருக்குப் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

டி.எம்.எக்ஸின் மூல நிரல் வராமல் போனாலும் டூமின் பாட்டு திரும்ப வந்துவிட்டது. சைமன் ஹவார்ட் தொடங்கிய சாக்லெட் டூம், பழைய டாஸ் விளையாட்டு எப்படி இருந்ததோ அப்படியே, பிழைகள் உட்பட, இன்றைய இயங்குதளங்களில் ஓடுகிறது. டாஸ் நிரல் அந்த யமஹா சில்லோடு எப்படிப் பேசியது என்று நடத்தையை வைத்தே கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் சில்லால் ஒரே நேரத்தில் ஒன்பது குரல்தான் பாட முடியும். இன்று நம் கணினியில் அப்படி எந்தக் கட்டுப்பாடும் கிடையாது, ஒன்பதாயிரம் வேண்டுமானாலும் பாடும். இருந்தாலும் பத்தாவது சுரம் வந்து நின்றால், டி.எம்.எக்ஸ் எந்தக் குரலை வெட்டியிருக்குமோ அதே குரலைச் சாக்லெட் டூமும் தேடிப் பிடித்து வெட்டுகிறது.